பாஸ்கீ வைப்பதற்கு முன் இவற்றைச் செய்துவிடுங்கள்

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, திருப்பூரிலிருந்து தென்காசிக்குப் போகும் பேருந்தில் என் போன் தொலைந்தது. மதுரையில் டீ குடிக்க இறங்கியபோது இருந்தது. ராஜபாளையத்தில் கண் விழித்துப் பார்த்தால் சட்டைப் பை காலி. 14,000 ரூபாய் போன். போனால் போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் என் மின்னஞ்சலுக்குள் மறுபடி நுழைய 11 நாள் ஆனது. மகள் பிறந்த நாளிலிருந்து எடுத்த படங்கள், வீட்டுக் கடன் பத்திரங்களின் நகல்கள், நான் கணக்கு எழுதும் மூன்று பனியன் கம்பெனிகளின் ஜிஎஸ்டி விவரங்கள் எல்லாம் அந்த ஒரு கணக்கில்தான் இருந்தன.

இத்தனைக்கும் நான் அசட்டையாக இருந்தவன் இல்லை. பாஸ்வேர்டோடு இன்னொரு கோடும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு போட்டிருந்தேன். எஸ்எம்எஸ் ஓடிபி ஆபத்து என்று படித்து, அதை எடுத்துவிட்டு, அந்த எண்ணைப் போனிலேயே உருவாக்கித் தரும் ஆதென்டிகேட்டர் செயலிக்கு மாறியிருந்தேன். பாஸ்வேர்டு அடிக்காமல் கைரேகையோ போனின் பின் நம்பரோ வைத்துக் கணக்குக்குள் நுழைய விடும் பாஸ்கீயும் வைத்திருந்தேன். எல்லாம் அந்த ஒரே போனில். அவசரத்துக்கென்று கொடுக்கும் பேக்கப் கோடுகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். அந்தப் படமும் பூட்டிக் கிடந்த அதே கணக்குக்குள்தான் இருந்தது. பீரோ சாவியைப் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய மாதிரி.

அதன் பிறகு அப்பா, தங்கை, அலுவலகத்தில் நாலைந்து பேர் என்று பலருக்கும் கூடவே உட்கார்ந்து இதைச் சரிசெய்து கொடுத்திருக்கிறேன். எல்லோரும் முதலில் கேட்பது, "பாஸ்கீ பாதுகாப்புதானா?" என்றுதான். பாதுகாப்புதான். பாஸ்வேர்டையும் எஸ்எம்எஸ் ஓடிபியையும் விட நிச்சயம் மேல். ஆனால் அதற்கு முன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: நாளைக் காலை இந்தப் போன் இல்லையென்றால் எதை வைத்து உள்ளே போவேன்? அதற்குப் பதில் கையில் வந்த பிறகு பாஸ்கீ வையுங்கள். கீழே உள்ள படிகளை அந்த வரிசையில்தான் அடுக்கியிருக்கிறேன். தயவுசெய்து வரிசையை மாற்றாதீர்கள்.

நம்மில் பெரும்பாலோரிடம் ஆண்ட்ராய்டு போனும் கூகுள் கணக்கும் இருப்பதால் அதை வைத்தே சொல்கிறேன். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு எங்கே மாறும் என்பதை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

## தொடங்கும் முன்: நேரம், செலவு, ஆவணம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். அவசரத்தில் செய்கிற வேலை இல்லை இது.

ஒரு நோட்டும் பேனாவும் வேண்டும். உங்கள் போனைத் தவிர இரண்டாவதாக ஒரு கருவி வேண்டும்: வீட்டில் கிடக்கும் பழைய போன், மடிக்கணினி, மனைவி அல்லது கணவரின் போன், எதுவானாலும் சரி. ஆதார் அட்டையையும் போன் வாங்கிய பில்லையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போனில் \*#06# என்று அடித்தால் உங்கள் போனின் தனி அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண் வரும். இரண்டையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். தொலைந்த போனை முடக்கக் கோரும்போது அந்த எண் தேவைப்படும். போன் கையில் இருக்கும்போது அதை எழுதி வைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

செலவு என்று பார்த்தால் நோட்டு வாங்கும் காசுதான். பாஸ்கீ இலவசம். ஆதென்டிகேட்டர் செயலியும் இலவசம். "பாஸ்கீ ஆக்டிவேட் பண்ணணும், 299 ரூபாய் கட்டுங்க" என்று யாராவது கூப்பிட்டால் போனை வைத்துவிடுங்கள்.

## 1. ரெக்கவரி எண் யாருடையது என்று பாருங்கள்

போனில் செட்டிங்ஸ், அதில் கூகுள், அதில் உங்கள் கணக்கை நிர்வகிக்கும் பக்கம், அதில் செக்யூரிட்டி பகுதி. அங்கே, கணக்கு பூட்டிக்கொண்டால் மீட்க உதவும் ரெக்கவரி போன், ரெக்கவரி இமெயில் என்று இரண்டு இருக்கும். அவற்றை நன்றாகப் பாருங்கள்.

அப்பாவின் போனில் இதைத் திறந்தபோது, ரெக்கவரி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் வீட்டில் யாருடைய எண்ணோடும் ஒத்துப்போகவில்லை. அம்மா, தங்கை, சித்தப்பா என்று ஒவ்வொருவர் எண்ணாகச் சொல்லிப் பார்த்தோம். கடைசியில் அப்பாதான் நினைவுபடுத்திச் சொன்னார்: "அந்த மெயில் ஐடிய மொபைல் கடைப் பையன்தானே போட்டுக் குடுத்தான்." நாலு வருடமாக, அப்பாவின் பென்ஷன் கடிதங்கள் வரும் கணக்கை மீட்கும் வழி முன்பின் தெரியாத ஒருவரின் எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பையன் தப்பான எண்ணத்தில் செய்திருப்பான் என்று நான் நினைக்கவில்லை. ஒரு நாளைக்கு இருபது பேருக்குக் கணக்குத் திறக்கிறார்கள், கைக்கு வந்த எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். ஆனாலும் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் போனை இன்றைக்கே திறந்து பாருங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ரெக்கவரி எண்ணாக உங்கள் சொந்த எண்ணைப் போடுவதை விட, கூடவே இருக்கும் நம்பிக்கையான ஒருவரின் எண்ணைப் போடுவது நல்லது. உங்கள் எண் உங்கள் போனோடு சேர்ந்தே தொலையும். ரெக்கவரி இமெயிலும் அப்படித்தான், நீங்கள் இன்னும் திறக்க முடிகிற கணக்காக இருக்க வேண்டும். கல்லூரி கொடுத்த மெயில், பழைய கம்பெனி மெயில் எல்லாம் உதவாது.

இன்னொன்று. ரெக்கவரி எண்ணை மாற்றினாலும், பழைய எண்ணுக்குக் கோடு அனுப்பும் வசதியைக் கூகுள் ஏழு நாள் வரை வைத்திருக்கலாம். அதனால் மாற்றிய கையோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம்.

## 2. சிம் யார் பெயரில் இருக்கிறது?

என் 11 நாளில் நாலு நாளைத் தின்றது இந்தக் கேள்விதான். என் எண் கல்லூரிக் காலத்தில் அப்பாவின் ஆதாரில் வாங்கியது. டூப்ளிகேட் சிம் கேட்டுக் கடைக்குப் போனால், பெயர் உள்ளவர் நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டும் என்றார்கள். அன்றைக்குப் பார்த்து அப்பா கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். அவர் ஊர் திரும்பி, கடைக்கு வந்து, சிம் கிடைத்தபோது திங்கட்கிழமை சாயங்காலம்.

சிம் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. இந்தியாவில் சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, போகாது. நம் எண்ணுக்கு வேறொருவர் டூப்ளிகேட் சிம் வாங்கி ஓடிபியைப் பிடிக்கும் சிம் ஸ்வாப் மோசடியைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை 2022-ல் கொண்டுவந்த கட்டுப்பாடு இது. நம்மைக் காப்பாற்றத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் நீங்கள் எஸ்எம்எஸ் ஓடிபியை மட்டுமே நம்பியிருந்தால், வங்கி உட்பட எல்லாம் ஒரு நாள் முழுக்க நிற்கும். அதுபோலச் சிம் மாற்றி ஏழு நாள் ஆகும் வரை வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்றவும் முடியாது.

இப்போதே செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் உங்கள் பெயரில் என்னென்ன எண்கள் ஓடுகின்றன என்று பார்க்கலாம். உங்கள் எண் வேறொருவர் பெயரில் இருந்தால், நிறுவனத்தின் கடைக்கு இருவரும் சேர்ந்து போய்ப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். இருவரின் ஆதாரும் தேவைப்படும். நான் மாற்றிவிட்டேன்.

இரண்டாவது, சிம்முக்கு ஒரு பின் நம்பர் போடுங்கள். போன் பூட்டியிருந்தாலும், திருடியவர் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் உங்கள் ஓடிபி எல்லாம் அவருக்குப் போகும். சிம் பின் இருந்தால் அது நடக்காது. செட்டிங்ஸில் சிம் லாக் என்று தேடுங்கள். ஆரம்பப் பின் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு. வாடிக்கையாளர் சேவையில் கேட்டுக்கொண்டு போடுங்கள். ஊகித்து அடிக்காதீர்கள்: மூன்று முறை தப்பானால் சிம் பூட்டிக்கொள்ளும், அப்புறம் அதைத் திறக்கும் பியூகே எண் வாங்க அலைய வேண்டும்.

மூன்றாவது, ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய எண் எந்தக் கணக்கிலாவது இருந்தால் எடுத்துவிடுங்கள். இணைப்பைத் துண்டித்து 90 நாள் கழிந்தால் அந்த எண் வேறொருவருக்குப் போகலாம். உங்கள் ஓடிபியும் கூடவே போகும்.

## 3. போனின் பின் நம்பரை மாற்றுங்கள்

பாஸ்கீ பற்றி வரும் சந்தேகங்களில் பாதிக்கு விடை இங்கேதான் இருக்கிறது. பாஸ்கீயைத் திறப்பது உங்கள் கைரேகை அல்லது போனின் திரைப் பூட்டு. கைரேகை வேலை செய்யாவிட்டால் பின் நம்பர் கேட்கும். ஆக, பாஸ்கீ எவ்வளவு உறுதியானது என்பது கடைசியில் உங்கள் பின் எவ்வளவு உறுதியானது என்பதில் வந்து நிற்கிறது.

நம் வீடுகளில் பின் நம்பர் என்பது ரகசியமே இல்லை. பிள்ளைகள் யூடியூப் பார்க்க அது தெரியும். டிஸ்ப்ளே மாற்றக் கொடுத்தபோது கடையில் பில்லின் பின்னால் எழுதி ஒட்டியிருப்பார்கள். பேருந்தில் பக்கத்தில் நின்றவர்கூடப் பார்த்திருக்கலாம். அதுவும் பிறந்த வருடம் அல்லது 1234.

ஆறு இலக்கமாக மாற்றுங்கள். வண்டி எண், பிறந்த தேதி, கல்யாண நாள் வேண்டாம். கோலம் போடுவது போல இழுக்கும் பேட்டர்ன் வேண்டாம், அதைத் தள்ளி நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். பிள்ளைகளுக்குப் போன் வேண்டுமென்றால் நீங்களே திறந்து கொடுங்கள். ரிப்பேருக்குக் கொடுத்தால் வாங்கியதும் பின்னை மாற்றுங்கள்.

ஐபோன் என்றால் ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்‌ஷன் என்ற அமைப்பை இயக்குங்கள். ஐஓஎஸ் 17.3-லிருந்து உண்டு. வீடு, அலுவலகம் போன்ற பழகிய இடத்துக்கு வெளியே ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்ற வேண்டுமானால் முகமோ கைரேகையோ காட்டி, ஒரு மணி நேரம் காத்திருந்து, மறுபடியும் காட்ட வேண்டும். பின் நம்பர் தெரிந்தவரால் மட்டும் மாற்ற முடியாது.

இந்தப் புதிய பின்னை நோட்டில் எழுதி வையுங்கள். ஏன் என்று ஆறாவது படியில் சொல்கிறேன்.

## 4. பேக்கப் கோடுகளைக் கையால் எழுதுங்கள்

கூகுள் கணக்கில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன், அதாவது இரட்டைச் சரிபார்ப்பு, என்ற பகுதியை இயக்குங்கள். அதற்குள் பேக்கப் கோட்ஸ் இருக்கும். பத்துக் கோடுகள் வரும், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். போனே இல்லாத நாளில் பாஸ்வேர்டோடு இதில் ஒன்றைப் போட்டால் உள்ளே போய்விடலாம்.

ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். உங்களுக்கு நீங்களே மெயில் அனுப்புவதும் வேண்டாம். ஜெராக்ஸ் கடை வாட்ஸ்அப்புக்கு அனுப்பி பிரின்ட் எடுப்பது அதைவிட மோசம், அந்தக் கோப்பு கடைக் கணினியில் மாதக்கணக்கில் கிடக்கும். நோட்டில் எழுதுங்கள்.

நான் எழுதியபோது மனைவி திரையைப் பார்த்துப் படிக்க நான் எழுதினேன். பிறகு நான் நோட்டைப் பார்த்துப் படிக்க அவள் திரையோடு ஒப்பிட்டாள். ஏழாவது கோடில் 1-ஐ 7 என்று எழுதியிருந்தேன். நோட்டில் மெயில் முகவரி எழுத வேண்டாம், தேதி மட்டும் போதும். பீரோவில் ரேஷன் கார்டு, பத்திரங்கள் இருக்கும் உறையில் வைத்துவிட்டோம். இரண்டு கோடுகளைத் தனித் தாளில் எழுதித் தென்காசியில் அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். வீட்டில் தண்ணீர் புகுந்தாலும் அங்கே இரண்டு இருக்கும்.

புதிதாகப் பத்துக் கோடு எடுத்தால் பழைய பத்தும் செல்லாது. அதனால் விளையாட்டாக அந்தப் பொத்தானை அழுத்திப் பார்க்காதீர்கள்.

ஐபோன்காரர்களுக்கு இதற்கு இணையாக ரெக்கவரி கான்டாக்ட் உண்டு. நம்பிக்கையான ஒருவரைச் சேர்த்தால் போதும். ரெக்கவரி கீ என்று 28 எழுத்துச் சாவியும் ஒன்று உண்டு. அதை இயக்கிவிட்டுத் தொலைத்துவிட்டால் ஆப்பிளாலேயே உதவ முடியாமல் போகலாம். தாளை வருடக்கணக்கில் பத்திரமாக வைத்திருப்பேன் என்று உறுதியாகத் தெரிந்தாலொழிய அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து.

## 5. ஆதென்டிகேட்டர் செயலி

30 நொடிக்கு ஒரு முறை ஆறு இலக்கம் மாறும் செயலி. சிம் இல்லாமல், இணையம் இல்லாமல் வேலை செய்யும் என்பதால் எஸ்எம்எஸ்ஸை விட நல்லது. வெளிநாடு போனாலும் கவலையில்லை.

கணக்கில் இதைச் சேர்க்கும்போது ஒரு க்யூஆர் படம் காட்டும். அதை உங்கள் போனில் ஸ்கேன் செய்த கையோடு, திரையை மூடும் முன், இரண்டாவது கருவியிலும் ஸ்கேன் செய்துவிடுங்கள். இரண்டிலும் ஒரே எண் ஓடும். இந்த ஒரு நிமிட வேலையை நான் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது. அந்தப் படத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்காதீர்கள். அந்தப் படம் யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்கு எல்லா எண்ணும் வரும்.

ஆதென்டிகேட்டர் போட்டதும் எஸ்எம்எஸ் வழியை எடுத்துவிடலாமா? பேக்கப் கோடு நோட்டில் இருந்து, இரண்டாவது கருவியும் தயாராக இருந்தால் எடுத்துவிடலாம். இரண்டும் இல்லாமல் எடுத்ததுதான் நான் செய்த தவறு.

## 6. இப்போது பாஸ்கீ வையுங்கள்

செக்யூரிட்டி பகுதியில் பாஸ்கீஸ் என்று இருக்கும், தமிழில் கடவுச்சாவி என்று எழுதுகிறார்கள். உள்ளே போனால் ஏற்கெனவே ஒன்றிரண்டு இருக்கலாம். ஆண்ட்ராய்டு போனில் கணக்கைச் சேர்க்கும்போது தானாகவே உருவாகிவிடுவதும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் எதிரே கருவியின் பெயர் இருக்கும். அக்கா மகனுக்குக் கொடுத்த பழைய போன் அங்கே இருந்தால் உடனே நீக்குங்கள். அந்தப் போனைத் திறக்கத் தெரிந்தவரால் உங்கள் கணக்கையும் திறக்க முடியும்.

புதிய பாஸ்கீ உருவாக்கும் பொத்தானை அழுத்தி, கைரேகை வைத்தால் முடிந்தது. பத்து நொடி.

ஒரு நுணுக்கத்தை இங்கே புரிந்துகொள்ள வேண்டும். ஆண்ட்ராய்டில் நீங்கள் வைக்கும் பாஸ்கீகள் கூகுள் பாஸ்வேர்டு மேனேஜரில் சேர்ந்து, உங்கள் மற்றக் கருவிகளுக்கும் போகும். போன் தொலைந்தாலும் புதிய போனில் திரும்ப வரும். ஆனால் திரும்ப வர இரண்டு நிபந்தனை. முதலில் அந்தக் கூகுள் கணக்குக்குள் நீங்கள் நுழைந்திருக்க வேண்டும். அதற்கு அந்தப் பாஸ்கீயே உதவாது, பாஸ்வேர்டும் பேக்கப் கோடும்தான் உதவும். நாலாவது படியை முதலில் செய்யச் சொன்னது அதற்காகத்தான். இரண்டாவது, புதிய போன் உங்களிடம் பழைய போனின் திரைப் பூட்டையோ பாஸ்வேர்டு மேனேஜரின் பின்னையோ கேட்கும். தப்பாகப் போட இத்தனை முறைதான் என்று கணக்கு உண்டு. தினமும் கைரேகையில் திறந்து பழகியவர்களுக்கு இந்த இடத்தில் பின் மறந்துபோகும். நோட்டில் எழுதச் சொன்ன காரணம் இப்போது புரிந்திருக்கும்.

கணினியில் பாஸ்கீ வைத்தால் அது எங்கே சேமிக்கப்படுகிறது என்று உருவாக்கும்போதே பாருங்கள். விண்டோஸின் சொந்தப் பூட்டான விண்டோஸ் ஹலோ என்று காட்டினால் அது பெரும்பாலும் அந்தக் கணினியோடு நின்றுவிடும். ஃபார்மேட் செய்தால் போய்விடும்.

பொதுக் கணினியில், அதாவது பிரவுசிங் சென்டர், இ-சேவை மையம், அலுவலகத்தில் நாலு பேர் உட்காரும் கணினி போன்றவற்றில், பாஸ்கீ உருவாக்கவே கூடாது. அங்கே நுழைய வேண்டுமென்றால் "வேறு கருவியின் பாஸ்கீ" என்பதைத் தேர்ந்தெடுங்கள். க்யூஆர் வரும், உங்கள் போனில் ஸ்கேன் செய்யுங்கள். இரண்டிலும் ப்ளூடூத் இயங்க வேண்டும். போனும் கணினியும் பக்கத்தில்தான் இருக்கின்றன என்று உறுதிசெய்யவே ப்ளூடூத் கேட்கிறது. வேலை முடிந்ததும் லாக் அவுட் செய்ய மறக்காதீர்கள்.

வாட்ஸ்அப்பிலும் அக்கவுன்ட் பகுதியில் பாஸ்கீ உண்டு, வைத்துவிடுங்கள். கூடவே டூ ஸ்டெப் பின்னும் போட்டு, அதற்கு ஒரு மெயில் முகவரியும் கொடுங்கள். மெயில் கொடுக்காமல் பின்னை மறந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டியிருக்கும்.

## 7. ஒத்திகை பாருங்கள்

போனை அணைத்து அடுத்த அறையில் வையுங்கள். மடிக்கணினியில், முன்பு லாகின் செய்தது எதுவும் நினைவில் இல்லாத இன்காக்னிடோ பக்கம் திறந்து, நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் மெயிலுக்குள் நுழையப் பாருங்கள். பாஸ்வேர்டு நினைவிருக்கிறதா? பேக்கப் கோடு கேட்கும் இடம் எங்கே இருக்கிறது? "வேறு வழியில் முயற்சி செய்" என்ற சின்ன எழுத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பதற்றத்தில் இருக்கும்போது அது கண்ணில் படாது. பயன்படுத்திய கோடை நோட்டில் அடித்துவிடுங்கள்.

தங்கை இந்த ஒத்திகையில்தான் தன் பாஸ்வேர்டு தனக்கே தெரியாது என்று கண்டுபிடித்தாள். பாஸ்கீ வைத்த பிறகு ஒரு வருடமாகப் பாஸ்வேர்டே அடிக்கவில்லை. போன் கையில் இருந்ததால் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிட்டோம்.

## அடிக்கடி கேட்கும் சந்தேகங்கள்

என் கைரேகை கூகுளுக்கோ வங்கிக்கோ போகிறதா? போகாது. கைரேகை உங்கள் போனுக்குள்ளேயே சரிபார்க்கப்படுகிறது. வெளியே போவது, போனில் இருக்கும் ரகசியச் சாவியால் போட்ட ஒரு டிஜிட்டல் கையெழுத்து மட்டும். நிறுவனத்திடம் இருப்பது அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்கும் பொதுச் சாவி. அந்த நிறுவனத்தின் சர்வரையே யாராவது கொள்ளையடித்தாலும், அதை வைத்து உங்கள் கணக்கில் நுழைய முடியாது.

ஓடிபியை விட இது எப்படி மேல்? ஓடிபியை நீங்கள் படித்து, நீங்களே அடிக்கிறீர்கள். போலி வங்கிப் பக்கத்தில் அடித்தால் அடுத்த நொடியே மோசடிக்காரர்கள் அதை உண்மையான பக்கத்தில் போட்டுவிடுவார்கள். பாஸ்கீ அது உருவான இணையதள முகவரியோடு கட்டப்பட்டது. ஓர் எழுத்து மாறிய போலி முகவரி உங்கள் கண்ணை ஏமாற்றலாம், போனை ஏமாற்றாது. அங்கே பாஸ்கீ எழும்பவே எழும்பாது. போனில் அழைத்துக் கேட்டாலும் சொல்வதற்கு உங்களிடம் எண் எதுவும் இல்லை. வயதானவர்களுக்குப் பாஸ்கீ வைத்துக் கொடுக்கச் சொல்வதற்கு இதுவே எனக்குப் போதுமான காரணம்.

பாஸ்கீ போட்டதும் இரட்டைச் சரிபார்ப்பு கேட்கவில்லையே, பாதுகாப்பு குறைந்துவிட்டதா? இல்லை. உங்கள் கையில் இருக்கும் போன் ஒன்று, உங்கள் கைரேகை அல்லது பின் இன்னொன்று. இரண்டும் சேர்ந்தே பாஸ்கீ. அதனால்தான் தனியாக இன்னொரு கோடு கேட்பதில்லை.

அப்படியென்றால் பாஸ்வேர்டு போய்விட்டதா? இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பாஸ்கீ வைத்தாலும் பாஸ்வேர்டு பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. முன்வாசலில் நல்ல பூட்டுப் போட்டுவிட்டோம், கொல்லைக் கதவு பழையபடி. திருட வருபவர் "வேறு வழியில் முயற்சி செய்" என்று பாஸ்வேர்டு வழியாகத்தான் வருவார். ஆகவே பாஸ்வேர்டு நீளமாக, வேறெங்கும் பயன்படுத்தாததாக இருக்கட்டும். டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை அணைக்காதீர்கள்.

பாஸ்கீயால் தடுக்க முடியாதது எது? நீங்கள் உள்ளே நுழைந்த பிறகு நடப்பது. வாகன அபராதம், கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை (அது உண்மையில் ஒரு செயலி) போனில் ஏற்றினால், அது திறந்திருக்கும் கணக்கையே கையாளப் பார்க்கும். திரையைப் பகிரும் செயலியை ஏற்றச் சொல்பவரும் அப்படித்தான். இதற்குப் பூட்டு உதவாது. ஏற்றாமல் இருப்பதுதான் வழி.

பாஸ்கீயை வைத்துக்கொள்ளத் தனியாக விற்கும் யூஎஸ்பி சாவி வாங்க வேண்டுமா? பெரும்பாலோருக்கு வேண்டாம். வாங்கினால் இரண்டாக வாங்க வேண்டும், ஒன்று தொலைந்தால் இன்னொன்று. ஒன்றே சில ஆயிரம் ரூபாய். பத்திரிகையாளர், பெரிய தொகையைக் கையாள்பவர், மிரட்டல் உள்ளவர் வாங்கலாம்.

வங்கிகள்? இன்னும் பெரும்பாலும் எஸ்எம்எஸ் ஓடிபிதான். 2026 ஏப்ரல் 1 முதலான ரிசர்வ் வங்கி விதிகள் மற்ற வழிகளுக்கும் இடம் கொடுக்கின்றன. உங்கள் வங்கி பாஸ்கீ தரும் வரை, இரண்டாவது படியில் சொன்ன சிம் வேலைதான் உங்கள் காவல்.

## போன் தொலைந்துவிட்டால்

முதல் பத்து நிமிடத்தில் வேறொரு போனிலிருந்து சிம் நிறுவனத்தைக் கூப்பிட்டு எண்ணை முடக்குங்கள். அடுத்து வங்கியைக் கூப்பிட்டு யூபிஐயையும் நெட் பேங்கிங்கையும் நிறுத்துங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். அங்கே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம், பணம் அடுத்தடுத்த கணக்குக்கு ஓடுவதற்குள் நிறுத்தப் பார்ப்பார்கள். ஆண்ட்ராய்டில் ரிமோட் லாக் என்ற வசதியை முன்பே இயக்கி வைத்திருந்தால், போன் எண்ணை மட்டும் கொடுத்துத் திரையைப் பூட்டலாம். செட்டிங்ஸில் தெஃப்ட் புரொடெக்‌ஷன் பகுதியில் இருக்கிறது, இன்றைக்கே இயக்குங்கள்.

பிறகு காவல் நிலையம். புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். ரசீதில் ஐஎம்இஐ எண் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். ஒரு இலக்கம் மாறினால் மறுபடி அலைய வேண்டும். அதன் பிறகு டூப்ளிகேட் சிம். ஆதாரோடு, பெயர் உள்ளவரே போக வேண்டும். 24 மணி நேரம் கழித்து எஸ்எம்எஸ் வர ஆரம்பித்ததும், சஞ்சார் சாத்தியில் தொலைந்த போன்களுக்கென்று இருக்கும் சிஇஐஆர் பக்கத்தில் போனை முடக்கக் கோருங்கள். புகார் நகல், அடையாள அட்டை, ஐஎம்இஐ, ஓடிபி வர ஒரு எண் ஆகியவற்றைக் கேட்கும். போன் வாங்கிய பில் இருந்தால் அதையும் ஏற்றுங்கள்.

மெயிலுக்கு இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை. நோட்டு இருந்தால் அன்றைக்கே பாஸ்வேர்டும் பேக்கப் கோடும் போட்டு நுழைந்துவிடலாம். நோட்டு இல்லாதவர்கள், முன்பு அந்தக் கணக்கைத் திறந்து வைத்திருந்த கணினியிலிருந்து, வழக்கமாகப் பயன்படுத்தும் இடத்திலிருந்தே மீட்டெடுக்க முயலுங்கள். நான் தென்காசியில் தங்கையின் போனிலிருந்து திரும்பத் திரும்ப முயன்று நாட்களை வீணாக்கினேன். திருப்பூரில் என் அலுவலகக் கணினியில் உட்கார்ந்த பிறகுதான் வழி திறந்தது. காசு வாங்கிக்கொண்டு கணக்கை மீட்டுத் தருகிறோம் என்று வருபவர்கள் எல்லோருமே ஏமாற்றுக்காரர்கள்.

உள்ளே நுழைந்ததும் செக்யூரிட்டி பகுதியில் தொலைந்த போனை லாக் அவுட் செய்து, அதன் பெயரில் உள்ள பாஸ்கீயை நீக்குங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஆதென்டிகேட்டரைப் புதிதாக இணையுங்கள். கடைசியாகப் புதிய பேக்கப் கோடுகள் எடுத்து, நோட்டில் பழைய பக்கத்தைக் கிழித்துவிட்டு, இன்றைய தேதி போட்டு எழுதுங்கள். ஊரில் கொடுத்து வைத்த தாளையும் மாற்ற வேண்டும், அதிலிருக்கும் இரண்டு கோடுகளும் இனிச் செல்லாது.